புழுக்கத்துக்கும் ஒரு எண் வேண்டும்

மார்ச் பிறக்கும் சமயத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை மே வரைக்குமான கோடைக் கணிப்பை வெளியிடும். நாட்டின் வரைபடம் ஒன்றில் எந்தப் பகுதியில் பகல் வெப்பம் இயல்பைவிடக் கூடுதலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை நிறங்களில் காட்டியிருப்பார்கள். இரவு வெப்பத்துக்குத் தனி வரைபடம். வெப்ப அலை நாட்கள் எங்கே அதிகரிக்கும் என்ற குறிப்பும் உண்டு. ஒரு சென்னைவாசியாக இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். இதில் புழுக்கம் எங்கே?

கணிப்பு தப்பாகிறது என்பதல்ல என் புகார். பருவ அளவில் நிகழ்தகவாகத்தான் சொல்ல முடியும், அதை அவர்கள் நேர்மையாகவே சொல்கிறார்கள். கடலோரத்தை உள்நாட்டுக்குச் செய்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

வெப்ப அலைக்கான விதியை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் பகல் உச்சம் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், கடலோரத்தில் 37. கடலோரத்துக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் கூடவே இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அந்த வெப்பம் அந்த நாளுக்கான இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இயல்பே கிட்டத்தட்ட 37. அப்போ 41, 42 வந்தால்தான் வெப்ப அலை. 37 என்ற எண் காகிதத்தோடு சரி.

சென்னையில் 41 எப்படி வரும்? கடல்காற்று தாமதமானால் வரும். பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் கடல்காற்று உள்ளே புகுந்துவிட்டால் பாதரசம் அதற்குமேல் ஏறாது. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுவாக இருந்து, கடல்காற்றைப் பிற்பகல் வரை வாசலிலேயே நிறுத்திவைத்தால்தான் வெப்பம் 40ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த மேற்குக் காற்று வறண்டது. அதாவது, விதி பிடிப்பது சென்னை உள்நாடு மாதிரி நடந்துகொள்ளும் நாட்களை. கடலோரம் கடலோரமாகவே இருக்கும் நாட்கள், வியர்வை காயாமல் சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்கும் அந்த நாட்கள், கணக்கில் 'இயல்பு' என்று போய்விடும்.

இயல்பு என்ற சொல்லில்தான் சிக்கலே. இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்பது வானிலைக்காரர்களுக்குத் தேவையான கேள்விதான். ஆனால் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. சித்திரையில் புழுங்குவது வழக்கம் என்பதற்காக இதயம் குறைவாகத் துடிக்கப்போவதில்லை.

மண்பானையை வைத்து யோசித்தால் இது எளிதில் புரியும். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. நம் உடம்பும் வியர்வையால் அதே வேலையைத்தான் செய்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' இந்தக் குளிர்ச்சிக்கு உள்ள கடைசி எல்லை. 40 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை சுமார் 23 டிகிரி. 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் சுமார் 28. வெயில் ஐந்து டிகிரி குறைவு, ஆனால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இருக்கும் இடமும் குறைவு. அமெரிக்க வானிலைச் சேவையின் 'வெப்பக் குறியீட்டு' வாய்பாட்டில் போட்டால் முதலாவது நிழலில் சுமார் 39 டிகிரியாக உணரப்படும், இரண்டாவது 45ஆக. வேலூரில் ஓடும் ஏர்கூலர் ராயபுரத்தில் ஏன் வெறும் ஈரக்காற்றை மட்டும் ஊதுகிறது என்பதற்கும் இதுவே விடை.

இரவுக்கு வருவோம். 'வெப்ப இரவு' என்று ஒரு வகை துறையின் விதிகளில் உண்டு. பகல் உச்சம் 40 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் அதைப் பரிசீலிக்கவே செய்வார்கள். அதன்பிறகு இரவின் குறைந்தபட்சம் இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். மே மாதச் சென்னையின் இரவு இயல்பே சுமார் 28. இன்னும் 4.5 கூட்டினால் 32க்கு மேல். கடல் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இரவு வெப்பம் அவ்வளவு தாவுவது மிக அபூர்வம். 28, 29 டிகிரியில் காற்றே அசையாமல், விடியும்வரை விசிறியோடு மல்லுக்கட்டும் இரவுக்கு இந்த விதியில் பெயரே கிடையாது.

தினசரி அறிக்கையில் ஒரு பெயர் இருக்கிறது: அசௌகரியம். அதிக வெப்பமும் ஈரப்பதமும் சேரும்போது அசௌகரியம் ஏற்படலாம் என்று எழுதுவார்கள். சோபா சரியில்லை என்றால்கூட அசௌகரியம்தான். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவருக்கும், காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிறவருக்கும், தகரக்கூரைக்குக் கீழே தூங்கும் முதியவருக்கும் நேர்வது அது இல்லை. இவர்களுக்கு இரவிலும் உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் வேலை முந்தைய நாளின் களைப்போடுதான் தொடங்கும்.

துறை சும்மா இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2023இல் சோதனை முறையில் வெப்பக் குறியீட்டை வெளியிடத் தொடங்கினார்கள். 'வெப்பமும் ஈரப்பதமும்' என்ற எச்சரிக்கையும் இப்போது வருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒரே வானிலை உட்பிரிவு. நாகப்பட்டினமும் தர்மபுரியும் ஒரே பெட்டிக்குள். உட்பிரிவுக்கு ஒரு வரி என்று எழுதும்போது கடலோரம் அதில் கரைந்துபோகிறது.

இது வெறும் சொல் விவாதம் இல்லை. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. அதனாலேயே எது வெப்ப அலை என்ற கேள்விக்குக் கனம் கூடிவிட்டது. 36 டிகிரி புழுக்கத்தில் உப்பளத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால், அன்றைய அறிக்கை அதை என்னவென்று பதிவு செய்திருக்கும்?

நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி எதையும் இல்லை. வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் நிலையங்கள் ஏற்கெனவே அளக்கின்றன. கடலோர மாவட்டங்களுக்கென்று தனியாக மூன்று வரி போதும். இன்று ஈரக்குமிழ் வெப்பநிலை எவ்வளவு ஏறும், கடல்காற்று எத்தனை மணிவாக்கில் வரும், இரவில் எத்தனை மணி நேரம் 28 டிகிரிக்குக் கீழே இறங்கும். முதல் வரி இருந்தால் மேஸ்திரி வேலை நேரத்தை மாற்றலாம். மூன்றாவது வரி இருந்தால், தனியாக இருக்கும் பாட்டியை அன்றிரவு யாராவது போய்ப் பார்க்கலாம்.