பனி ஏரியில் ஒரு ஹீட்டர்

மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி உறைந்து இறுகியதும், அதன்மேல் மீன்பிடிக்கும் சிறு வீடுகள் முளைத்துவிடும். தரையில் துளை, துளைக்குள் தூண்டில், மூலையில் புரொபேன் ஹீட்டர். நம் சமையல் கேஸிலும் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுக்கும். புரொபேனோ மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது, எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே தள்ளிவிடும் சுவர் ஹீட்டர். புகைக்குழாய் இல்லாதது விலை மலிவு, தூக்கிச் செல்லவும் எளிது. ஆனால் எரியும்போது பிறக்கும் நீராவியில் சுவரெல்லாம் வியர்க்கும். கார்பன் மோனாக்சைடோ மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். தேவைக்கு மிஞ்சிய பெரிய ஹீட்டரும் வீண்: அறை புழுங்கி, கதவைத் திறந்துவைக்க நேரும். அளவறிந்து வாங்கி, கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியவரே நல்ல ரசிகர்.