சுவான்சோக் கற்களும் தமிழ்ச் சுற்றுலாப் பயணியும்: ஒரு திறனாய்வு

சீனத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் நேரிற் கண்டறியச் செல்லும் பயணிக்கு ஏறத்தாழ ஒரே வழித்தடம் வகுக்கப்பட்டுள்ளது. பெய்ஜிங்கில் நெடுஞ்சுவரும் பேரரசர் மாளிகையும், சியான் நகரில் 1974-ஆம் ஆண்டில் கிணறு தோண்டிய உழவர்கள் கண்டெடுத்த சுடுமண் படையும், இறுதியில் ஷாங்காயின் ஆற்றங்கரையும் அவ்வழித்தடத்தில் அடங்கும். மலேசியருக்கு 2023 டிசம்பரிலும் சிங்கப்பூரருக்கு 2024 பிப்ரவரியிலும் நுழைவு அனுமதி விலக்கு நடைமுறைக்கு வந்தபின், அவ்விரு நாடுகளின் தமிழர்க்கு இப்பயணம் மேலும் எளிதாயிற்று. அவர்களுள் வரலாற்று ஆர்வம் மிக்கோர் வழக்கமான தடத்தினின்று விலகித் தென்கிழக்கே பூஜியான் மாநிலக் கடற்கரையிலுள்ள சுவான்சோ நகருக்கும் செல்கின்றனர். தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்த ஊர் என்பதே அதற்குக் காரணம்.

இப்பயணங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ஒரு பொதுப்பண்பு உளது. பெய்ஜிங்கிலும் சியானிலும் எழுதுவோரின் நடை வியப்பும் அளவும் கலந்ததாக இருக்கும். சுவரின் நீளம், படைவீரர் எண்ணிக்கை, மாளிகையின் அறைகள் என்று அது செல்லும். சுவான்சோவுக்கு வந்ததும் நடை மாறுகிறது. 'அவர்கள்' மறைந்து 'நாம்' வருகிறது. நம் கோயில், நம் எழுத்து, நம் வணிகர் என்னும் தொடர்கள் பெருகுகின்றன. இப்பெருமிதம் இயல்பானதே, தாய்நிலத்தினின்று தொலைவில் வாழும் மக்களுக்கு அது தேவையானதும் ஆகும். ஆயின், சீன வரலாற்றை அறியச் சென்ற பயணி, அவ்வரலாறு தன்னைத் தொடும் இடத்திலேயே அதனைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். சுவான்சோவின் கற்கள் கூறும் செய்தியோ அவர் எழுதிச் செல்வதினும் செறிவானது.

முதலில் கல்வெட்டை நோக்கலாம். 1956-ஆம் ஆண்டில் கிடைத்த இக்கல்லில் சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள் என்னும் காலக்குறிப்பு உளது, அது கி.பி. 1281 ஏப்ரல் ஆகும். சம்பந்தப்பெருமாள் என்பார் சிவபெருமான் திருமேனியை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. பயணக் குறிப்புகள் பலவும் இதனைச் 'சோழர் கோயில்' என்றே எழுதுகின்றன. இது காலக்கணக்கை நோக்காத கூற்று. சோழ மரபின் இறுதி மன்னனாகிய மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சி 1279 அளவில் முடிந்துவிட்டது. கல் வெட்டப்பட்ட நாளில் தமிழகத்தில் மேலோங்கியிருந்தது மாறவர்மன் குலசேகரனின் பாண்டியப் பேரரசு. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவைக்குச் சென்றது உண்மை. எனினும் அது இரு நூற்றாண்டுக்கு முந்தைய வேறொரு காலம், வேறொரு சீன அரசு. வணிகக் குழுவின் பணியாக இக்கோயிலைக் காட்டும் வழக்கத்தையும் எச்சரிக்கையோடே ஏற்றல் வேண்டும். சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவரை வெளிப்படையாகக் குறிக்கிறது. சுவான்சோக் கல்லில் அத்தகைய குழுப்பெயர் எதுவும் இல்லை.

கல்லில் இருப்பது வேறொரு பெயர்: செகசைகான். மங்கோலியப் பேரரசனான குப்ளாய்கானையே இப்பெயர் குறிக்கிறது என்பர். அவன் திருமேனி நலத்தின் பொருட்டே இத்திருப்பணி நிகழ்ந்தது. அதுவும் அவன் 'பர்மான்' வழி நிகழ்ந்தது. பர்மான் என்பது அரசாணையைக் குறிக்கும் பாரசீகச் சொல். மங்கோலிய அரசனின் ஆணையைப் பாரசீகச் சொல்லால் சுட்டித் தமிழ் எழுத்தில் பொறித்து, அதன் கீழே சீன எழுத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கின்றனர். கோயிற்பெயரைத் திருக்கதலீச்சரம் என்று படிப்போரும் திருக்கானீச்சரம் என்று படிப்போரும் உளர். பின்னைய பாடம் சரியாயின், இறைவன் பெயரிலேயே கான் இடம்பெற்றுவிடுகிறான். அரசன் பெயரால் ஈச்சரம் அமைக்கும் தமிழ் மரபைச் சுவான்சோவில் மங்கோலியனுக்கும் விரித்தனர் எனல் பொருந்தும். அந்நகர் மங்கோலியர் கைக்கு வந்து ஐந்தாண்டு அளவே ஆகியிருந்தது. தென்சோங் அரசு அழிந்து ஈராண்டே ஆகியிருந்தது. அதே 1281-இல் குப்ளாய்கானின் தூதர் யாங் திங்பி சுவான்சோவிலிருந்து கலமேறி, சீனர் மாபார் என்றழைத்த பாண்டிய நாட்டுக் கரையை அடைந்தார். ஆகவே இக்கல், ஆதிக்கம் செலுத்திய தமிழரின் வெற்றிக்கல் அன்று. ஆட்சி மாறிய நகரில், புதிய அரசனின் தயவில், தம் வழிபாட்டுக்கு இடம்பெற்ற அயலாரின் விண்ணப்ப மொழி அதில் ஒலிக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் தமிழர்க்கு இந்த மொழி நன்கு பழகியது. அதனை அவர்கள் எழுதும் குறிப்புகளிற் காண முடியாமற்போவது வியப்பே.

இரண்டாவதாகக் கையுவான் கோயில். 686-இல் நிறுவப்பட்ட இப்பௌத்தக் கோயிலின் முற்றத்தில் 13-ஆம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன. பெருமண்டபத்தின் பின்புறத்தில் 16 பட்டைத் தூண்கள் இரண்டு உள்ளன. இரணியன் உடலைப் பிளக்கும் நரசிங்கமும் கண்ணனின் திருவிளையாடல்களும் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளன. மண்டபத்தின் முன்மேடையைச் சுற்றி, சிங்க உருவங்களும் மனிதத் தலையுடைய சிங்கங்களும் கொண்ட 70-க்கும் மேற்பட்ட கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அழிந்துபோன தமிழர் கோயிலொன்றின் உறுப்புகள் இவை. மிங் காலத் திருப்பணியின்போது இங்குக் கொண்டுவந்து வைக்கப்பட்டன. கல் உள்ளூர்க் கல். செதுக்கிய கைகளும் உள்ளூர்க் கைகளே என்பது கலை வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருத்து.

இவ்விடத்தில் தமிழ்ப் பயணிக்குப் பிறர்க்கில்லாத ஓர் ஆற்றல் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. ஆய்ச்சியர் துகிலைக் கவர்ந்து மரத்தேறிய கண்ணனைக் காணும் பிறநாட்டார்க்கு அது ஒரு சுவையான சிற்பம். வழிகாட்டி சொல்லும் ஒரு வரிக் கதை. தமிழ் கற்றவர்க்கோ அம்மரம் குருந்து. இரட்டை மரங்களுக்கிடையே தவழும் குழந்தையைக் கண்டால் அவை மருது. குரவைக் கூத்திலும் ஆழ்வார் பாசுரத்திலும் பயின்ற காட்சியைச் சீனச் சிற்றுளி எவ்வாறு வாங்கிக்கொண்டது, எதனைத் தவறவிட்டது, எவ்விடத்தில் தன் பூவேலையைச் சேர்த்தது என்று சொல்லத்தக்கவர் அவரே. இதனை விரித்தெழுதிய பயணக் குறிப்பு அரிது. தூணின்முன் நின்று எடுத்த நிழற்படமும், இது நம்முடையது என்னும் ஒரு தொடருமே பெரும்பாலும் எஞ்சுகின்றன.

மேலும் ஒரு வினா உளது. சீனக் கட்டடக்காரர் ஏன் இத்தூண்களைக் கையுவானில் வைத்தனர்? மண்டபத்தின் பின்வாயிலில், வழிபடுவோர் காணும் இடத்தில் அவை நிற்கின்றன, மறைத்துப் புதைக்கப்படவில்லை. அழகிய கல் வீணாகலாகாது என்னும் சிக்கனமா, அயல்நாட்டுக் கல்லுக்குரிய மதிப்பா, அன்றிப் பௌத்தம் பிறந்த நாட்டின் உருவங்கள் என்னும் எண்ணமா என்பது ஆராயத்தக்கது. விடை எதுவாயினும், அத்தூண்கள் பல நூற்றாண்டுகளாகச் சீனப் பௌத்தக் கோயிலின் தூண்களாக வாழ்ந்துள்ளன. தமிழர் கோயிலில் அவை நின்ற காலம் அதனினும் மிகக் குறைவு.

சுவான்சோவின் புறநகர்ப் பகுதியாகிய செதியன் என்னும் சிற்றூரில் நான்கு கைகளுடைய பெண்தெய்வச் சிற்பம் ஒன்றை ஊரார் குவான்யின் எனக் கொண்டு ஊதுவத்தி ஏற்றி வழிபடுகின்றனர். அதனைக் காளி என்றோ கொற்றவை என்றோ அடையாளங்காட்டி, ஊரார் அறியாமல் நம் தெய்வத்தை வணங்குகின்றனர் என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதுவோர் சிங்கப்பூரின் வாட்டர்லூ வீதியை நினைத்தல் நன்று. அங்குக் குவான்யின் கோயிலுக்கு அருகே கிருஷ்ணன் கோயில் உளது. ஒன்றில் வணங்கிய சீனர் மற்றதன் வாயிலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பிச் செல்கின்றனர். அவர்களை அறியாமையில் வணங்குவோர் என்று சிங்கப்பூர்த் தமிழர் எவரும் சொல்வதில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழரோடு அடுத்தடுத்து வாழும் ஹொக்கியென் மக்களுள் மிகப் பலரின் முன்னோர் புறப்பட்ட நிலம் சுவான்சோவும் அதனை அடுத்த ஊர்களுமே. சுவான்சோக் கடைத்தெருவில் கேட்கும் பேச்சு, பினாங்குத் தமிழர் சிறுவயது முதல் அடுத்த வீட்டிற் கேட்ட பேச்சின் உறவு. எழுநூறு ஆண்டுப் பழங்கல்லைத் தேடிச் செல்லும் பயணி, அண்டை வீட்டாரின் ஊருக்கு வந்திருப்பதை எழுத மறந்துவிடுகிறார். சீனப் பண்பாட்டை அறிதற்கு அவர்க்கு வாய்த்த மிக நெருங்கிய வாயில் அதுவாக இருந்திருக்கும்.

குறை பயணியிடம் மட்டும் இல்லை. சுவான்சோ 2021-இல் 22 இடங்களோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 1009-இல் கட்டப்பட்ட பள்ளிவாசல், மானியின் திருவுருவமுள்ள குடில், கடலன்னை கோயில், பாலம், சூளை, இரும்பு உருக்கிய களம் எனப் பலவும் அதில் அடங்கும். தமிழர் கோயிலுக்கென்று தனியிடம் அதில் இல்லை; கோயிலே இல்லாதபோது இருத்தல் இயலாது. பல சமயத்தாரும் ஒற்றுமையாக வாழ்ந்த வணிகப் பெருநகர் என்பதே பயணிக்குக் கூறப்படும் கதை. அது பொய்யன்று; முழுமையுமன்று. யுவான் ஆட்சியின் இறுதியில், 1357 முதல் 1366 வரை, பாரசீகப் படையினரின் கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய போரும் அந்நகரைக் குலைத்தன. அயலார் குடியிருப்புகள் அழிந்தன. கல்லறைக் கற்களும் கோயிற் கற்களும் மதிற்சுவருக்குள் சென்றன. இணக்கத்தின் சான்றாகக் காட்டப்படும் கற்களிற் பல உடைந்த பின்னரே நமக்குக் கிடைத்தவை. தமிழ்ப் பயணியின் பெருமிதமும் அருங்காட்சியகத்தின் இணக்கக் கதையும் இவ்வகையில் ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன: இரண்டும் உடைப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

அம்மதில் 20-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டபோது வெளிப்பட்ட கற்களை உள்ளூர் ஆசிரியரான வூ வென்லியாங் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தார். 1957-இல் அவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். இன்று பயணிகள் காணும் தொகுப்புக்கு அவர் உழைப்பே அடிப்படை. அரபும் தமிழும் அவர்தம் மொழிகள் அல்ல. தம் முன்னோரல்லாத மக்களின் கற்களை ஒருவர் இத்துணை ஆண்டுகள் சுமந்து சேர்த்த வரலாறு தமிழ்ப் பயணக் குறிப்புகளில் பெரிதும் இடம்பெறவில்லை.

அயல்நாட்டில் தன் எழுத்தைக் காணும் பயணி எவ்வாறு எழுதலாம் என்பதற்குச் சுவான்சோவே ஒரு சான்று தருகிறது. அந்நகரிலிருந்து 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலமேறிய வாங் தாயுவான், தாம் கண்ட நாடுகளைப் பற்றி 1349 அளவில் ஒரு நூல் இயற்றினார். அதில் சமவெளியில் மரங்கள் சூழ நின்ற செங்கற் கோபுரம் ஒன்று பேசப்படுகிறது. அதில் சீன எழுத்துகள் உள்ளன என்றும், 1267-ஆம் ஆண்டுக்கு நேரான சீன ஆண்டில் பணி முடிந்தது என்று அவை கூறுவதாகவும், அங்கு வந்த சீனர் அதனை எழுதினர் என்றும் அவர் சில வரிகளில் குறித்துவிட்டு அந்நாட்டின் மண்ணையும் மக்கள் வழக்கத்தையும் விளைபொருளையும் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அவ்விடம் நாகப்பட்டினம் என்பது அறிஞர் பலர் முடிபு. தன் எழுத்தைக் கண்டார், ஆண்டைக் குறித்தார், பின்னர் தாம் வந்திருக்கும் நாட்டைப் பார்த்தார்.

நாகையில் சீனக் கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் வழங்கிய மூன்று நிலைச் செங்கற் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. வாங் தாயுவான் கண்டது அதுவே எனச் சிலர் கருதுவர். அது முடிந்த முடிபன்று. 1846-இல் வால்டர் எலியட் அதனைக் கண்டு விவரித்தார். 1867-இல் சென்னை அரசின் இசைவோடு அது இடிக்கப்பட்டது. கையுவானில் நம் தூண்களை எதிர்பாராத இடத்தில் கண்டு மகிழும் பயணியைப்போல, சுவான்சோவிலிருந்து ஒருவர் வாங் தாயுவானின் நூலைக் கையிற்கொண்டு நாகப்பட்டினம் வந்தால், நிழற்படம் எடுக்க அவர்க்கு அங்கு ஒரு செங்கல்லும் இல்லை.