பகைவரை நேசித்தலும் பகைவன்மேல் காதல் கொள்ளுதலும்

நூல் திறனாய்வு: கரிஸ்ஸா பிராட்பென்ட் எழுதிய ‘த செர்பென்ட் அண்ட் த விங்ஸ் ஆஃப் நைட்’

இறையியல் ஏடொன்றில் இரத்தக் காட்டேரிகளைப் பற்றிய காதல் நாவலுக்கு இடமளிப்பது ஏன் என வாசகர் சிலர் வியப்புறலாம். காரணத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. சில மாதங்களுக்கு முன் வாலிபர் கூடுகையொன்றில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தோம். கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, “பகைவரை நேசிப்பது என்றால், ஐயா, பகைவனாக வந்தவனே கடைசியில் காதலனாகிவிடும் கதைகளில் உள்ளதுபோலவா?” என்று வினவினார். சிலர் நகைத்தனர், அவர் நகைக்கவில்லை. அவர் மனத்திலிருந்த நூலைப் படியாமல் விடையளிப்பது முறையன்று எனக் கருதி, அதனைப் பெற்றுப் படித்தேன். இத்திறனாய்வு அவருக்கு நான் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையாகும்.

இத்தகைய கதைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1819இல் வெளிவந்த ஜான் பாலிடோரியின் ‘த வாம்பயர்’ ஆங்கில உரைநடையில் காட்டேரியை உயர்குடி மனிதனின் உருவில் உலவவிட்டது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) அவ்வுருவை நிலைநிறுத்தியது. அயர்லாந்தில் புரொட்டஸ்டன்டுக் குடும்பத்தில் பிறந்த ஸ்டோக்கர், சிலுவையையும் உரோமைச் சபையின் நற்கருணை அப்பத்தையும் காட்டேரிக்கு எதிரான படைக்கலங்களாக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. ஆன் ரைஸ் 1976இல் எழுதிய நாவலில் காட்டேரியே தன் குற்றவுணர்வைத் தன் வாயால் எடுத்துரைக்கிறான். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005) அவனைத் தன் பசியை அடக்கிக்கொள்ளும் காதலனாக்கியது. அழிக்கப்படவேண்டிய பகைவன், மனம் வருந்தும் பாவி, காதலன் என அவன் படிப்படியாக மாறி வந்திருக்கிறான். பிராட்பென்ட்டின் நாவல் இவ்வரிசையில் வருவது. 2022இல் ஆசிரியரே வெளியிட்ட இந்நூல், வாசகர் வரவேற்பைப் பெற்றபின் 2023இல் டோர் பதிப்பகத்தின் பிராம்பிள் பிரிவின் வழியே மீண்டும் வெளிவந்தது. இதில் சிலுவைக்கு இடமில்லை. காட்டேரிகளுக்கே ஒரு தெய்வம் இருக்கிறது.

கதை

நையாக்ஸியா என்னும் பெண் தெய்வம், தன் கணவனாகிய மரண தெய்வத்தை ஏனைய தெய்வங்கள் கொன்றதனால் கைம்பெண்ணானவள். அவளுடைய துயரிலும் சினத்திலும் தோன்றிய இனமே காட்டேரிகள். அவ்வினத்தின் மூன்று அரசுகளுள் ஒன்றாகிய இரவின் இல்லத்தை ஆளும் வின்சென்ட், குழந்தைப் பருவத்தில் தான் கண்டெடுத்த ஓராயா என்னும் மானிடப் பெண்ணை மகளாக வளர்க்கிறான். கெஜாரி என்னும் கொடிய போட்டியில் வெல்பவர் நையாக்ஸியாவிடம் ஒரு வரம் கேட்கலாம். தந்தைக்கு நிகரான ஆற்றலைப் பெற விரும்பி ஓராயா அதில் இறங்குகிறாள். அங்கே, தன் தந்தையின் குலத்துக்குப் பகையான குலத்தில் தோன்றிய ரெய்ன் என்பவனோடு கூட்டுச் சேர நேரிடுகிறது. ஐயம் நட்பாகவும், நட்பு காதலாகவும் மாறுகின்றன. ஆயினும் போட்டியில் ஒருவரே வெல்ல இயலும். இறுதியில் ஓராயா ரெய்னைக் கொல்கிறாள். கொன்றபின், தான் பெற்ற வரத்தைத் தனக்கென்று கேளாமல் அவன் உயிர் மீளச் செலவிடுகிறாள். மீண்டெழுந்தவன் அதுவரை மறைத்துவைத்திருந்த அரசுரிமையை வெளிப்படுத்துகிறான். அவள் கண்முன்னே வின்சென்ட் அவனால் மாள்கிறான். உயிரோடிருக்கவேண்டுமாயின் அவனை மணந்தேயாகவேண்டும் என்னும் நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். இத்தொடரின் முதல் நூல் இவ்வாறு முடிகிறது.

கதையை ஓராயாவே கூறுகிறாள். அவளுடைய அச்சத்தைச் சித்திரிப்பதில் ஆசிரியர் தேர்ந்தவர். காட்டேரிகள் தன் இதயத்துடிப்பைக் கேட்டுவிடும் என்பதனால் அத்துடிப்பையே அடக்கப் பழகிய பெண் அவள். வலியோர் நடுவில் எளியவராய் வாழ்வோர் எவரும் இதனை உணர்வர். குறைகளும் உள. போட்டிக் காட்சிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. உணர்ச்சிச் சொற்கள் மிகுதியாகத் திரும்ப வருகின்றன. படுக்கையறைக் காட்சிகள் மறைப்பின்றி எழுதப்பட்டுள்ளமையால் இது முதிர்ந்தோர்க்கான நூல் என்பதையும் கூறவேண்டும். இதை அறியாமல் வாலிபர் சங்க நூலகத்துக்கு வாங்குதல் கூடாது.

எடுக்கப்படும் இரத்தமும் கொடுக்கப்படும் இரத்தமும்

லேவியராகமம் 17ஆம் அதிகாரத்தின்படி இரத்தத்தில் உயிர் இருக்கிறது, உயிர் கடவுளுக்குரியது, ஆதலால் அதனை உண்ணலாகாது. எருசலேம் ஆலோசனைச் சங்கம் புறவினத்தாரிலிருந்து வந்த விசுவாசிகளின்மேல் மிகச் சில விதிகளையே சுமத்தியது. அவற்றுள்ளும் இவ்விலக்கு இடம்பெற்றதை அப்போஸ்தலர் 15இல் காண்கிறோம். இப்பின்னணியில்தான் யோவான் 6இல் இயேசு தம் இரத்தத்தைப் பானமாகக் கூறியது சீடர் பலரை இடறச்செய்தது. இளமை முதல் இரத்தம் என்னும் சொல்லைக் கீர்த்தனைகளில் பாடிப் பழகிய நமக்கு அவ்விடறல் மழுங்கிப்போயிற்று. இந்நாவல் அதனை மீண்டும் கூர்மைப்படுத்துகிறது.

நகரின் மானிடர் குடியிருப்பில் இரத்தம் திருடப்படுகிறது. வலியவன் எடுத்துக்கொள்கிறான், எளியவன் மாள்கிறான். இதற்கு மாறாக, காயமுற்று இரத்தவேட்கையால் நிலைகுலையும் ரெய்னுக்கு ஓராயா தானாகவே முன்வந்து தன் இரத்தத்தை அளிக்கும் காட்சியொன்று உண்டு. வாழ்நாள் முழுவதும் எதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினாளோ, அதனையே அவள் கையளிக்கிறாள். அதே பொருள், அதே செயல். எடுக்கப்படும்போது கொலை, கொடுக்கப்படும்போது உறவு. என் உயிரை ஒருவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, நானே அதனைக் கொடுக்கிறேன் என்னும் பொருள்பட யோவான் 10இல் ஆண்டவர் கூறுவதன் ஆழத்தை விளக்க இக்காட்சியை ஆயர் ஒருவர் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒப்புமை அவ்வளவோடு நிற்கிறது. ஓராயா கொடுப்பது, தன் உள்ளம் ஏற்கெனவே நாடத்தொடங்கிய ஒருவனுக்கு. உரோமர் 5 கூறும் இரத்தமோ பாவிகளுக்காகவும் பகைவர்களுக்காகவும், அவர்கள் அந்நிலையில் இருக்கும்போதே சிந்தப்பட்டது.

காவல் என்னும் சிறை

நூலின் மிகச் சிறந்த படைப்பு காதலன் அல்லன், தந்தையே. வின்சென்ட் ஓராயாவை உண்மையாகவே நேசிக்கிறான். அவளுக்கு வாட்பயிற்சி அளிக்கிறான். எவரையும் நம்பாதே எனக் கற்பிக்கிறான். அவளைக் காக்கவே இவையெல்லாம் என்பது அவன் நம்பிக்கை. ஆயினும் அவள் பிறந்த சாலினே நகரத்தை, அங்கே அவளுடைய மானிட உறவினர் இருக்கக்கூடும் என்று அறிந்திருந்தும், போரின் பெயரால் அவன் அழித்துவிடுகிறான். அவள் தன் வயிற்றுப் பிள்ளை என்னும் உண்மையையும் சாகும்வரை மறைத்துவைக்கிறான். அன்பு இருந்தது, உண்மை இல்லை. உண்மையற்ற அன்பு காவலாகத் தொடங்கிச் சிறையாக முடிந்தது. சபையைக் காக்கிறோம் என்று கூறிக்கொண்டு அதனை அச்சத்தில் வைத்திருக்கும் சோதனை மேய்ப்பர்களாகிய நமக்குப் புதியதன்று. இப்பகுதியை நான் ஒருவித நாணத்தோடே படித்தேன்.

மீஷ் என்னும் துணைப்பாத்திரத்தையும் இங்குக் குறிப்பிடவேண்டும். சூரிய தெய்வத்தின் பணியாளராயிருந்த அவள், தன் விருப்பமின்றிக் காட்டேரியாக்கப்பட்டவள். இழந்த ஒளியை இன்னமும் நாடுகிறாள். அதன் தீத்தழும்புகள் அவள் கைகளில் உள்ளன. பிறர் இழைத்த தீங்கினால் தன் தெய்வத்துக்குத் தான் அருவருப்பானேனோ என்று கலங்கும் ஆன்மாவை நம் ஆலோசனை அறைகளிலும் சந்திக்கிறோம் அல்லவா? ஆசிரியரும் இவளை மறந்துவிடவில்லை. 2024இல் வெளிவந்த ‘த சாங்பேர்ட் அண்ட் த ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’ இவளை மையமாகக் கொண்டது.

நேசமா, காதலா?

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். ஓராயாவும் ரெய்னும் உண்மையில் எத்தகைய பகைவர்? இனத்தாலும் குலத்தாலும் போட்டியின் விதியாலும் பகைவர். தன் அரசுரிமையை மறைத்தது அவன் குற்றமே. அதற்குரிய விலையை நூல் இறுதியில் காட்டத் தவறவில்லை. எனினும் தொடக்கத்திலிருந்தே அவன் இரக்கமுள்ளவன், நகைச்சுவை உள்ளவன், தானும் முன்பு மானிடனாயிருந்து கொடுங்கோலன் ஒருவனிடம் அடிமைப்பட்டவன். பகைவன் எனப்பட்டவன் உள்ளபடி பகைவன் அல்லன் என்று அவள் கண்டறிவதே இக்கதையின் காதல். வெறுப்பு பெரும்பாலும் அறியாமையே என்று காட்டுவதால் இது நற்செயல்தான். ஆனால் இரவில் மானிடர் குடியிருப்புக்கு வந்து வேட்டையாடும் காட்டேரிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களே உள்ளபடியான பகைவர். அவர்களுக்குப் பெயரில்லை, முகமில்லை. ஓராயாவின் கத்திக்கு இரையாவது ஒன்றே அவர்கள் பங்கு. சாலினேயில் மாண்ட மானிடர்க்கும் குரலில்லை. இந்நூலின் அன்பு அழகுள்ளவனின் எல்லையில் நின்றுவிடுகிறது.

போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட சீடத்துவம் பற்றிய நூலில், இயேசு குறிப்பிடும் பகைவர் நம் அன்புக்கு எவ்வித மறுமொழியும் தராமல் பகைவராகவே நிலைத்திருப்போர் என்று விளக்குகிறார். அவர்கள் மாறுவார்கள் என்பது நேசத்துக்கு நிபந்தனையன்று. இவ்விளக்கத்தை ஏற்போமாயின், பகைவன் காதலனாவது ஒன்று, பகைவரை நேசிப்பது வேறொன்று என்பது தெளிவாகும்.

இவ்வேறுபாடு வெறும் நூலாராய்ச்சி அன்று. கூடுகை முடிந்தபின் அம்மாணவி தனியே வந்து, தம் தமக்கையைப் பற்றிப் பேசினார். அடிக்கும் கணவனிடம் திரும்பிச் செல்லுமாறும், அன்பினால் அவனை மாற்றுமாறும் சபைப் பெரியோர் அத்தமக்கைக்கு அறிவுரை கூறியிருந்தனராம். பகைவரை நேசிக்கும் கட்டளையே சான்றாகக் காட்டப்பட்டதாம். அவர் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் என் பணிக்காலத்தில் இதே அறிவுரையை நானும் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கூறியிருக்கிறேன். பொறுமையினால் கொடியவனைக் காதலனாக்கலாம் என்னும் கனவை நாவலாசிரியர்கள் பரப்புகிறார்கள் என்று நாம் கடிந்துகொள்கிறோம். அக்கனவையே வேதவசனத்தின் போர்வையில் நாமும் போதித்துவிட்டோம். பிராட்பென்ட் நம்மைவிட நேர்மையானவர் எனலாம். தான் நேசித்தவனுடைய வாக்கை இனி நம்பலாமா என அறியாமல், மணமகளாகவும் கைதியாகவும் நிற்கும் பெண்ணோடு அவர் தம் நூலை முடிக்கிறார். அதனை இன்பமுடிவு என்று அவர் அழைக்கவில்லை.

நல்விடையொன்று பழைய ‘டிராகுலா’விலேயே கிடைக்கிறது என்பது எனக்கு வியப்பளித்தது. டிராகுலாவினால் கொடுமைக்குள்ளாகி, அவன் இரத்தத்தை வலிந்து பருகவைக்கப்பட்ட மீனா, அவனைக் கொல்லப் புறப்படும் ஆடவரிடம், அவன்மீதும் இரக்கம் கொள்ளுமாறு வேண்டுகிறாள். ஆனால் அவர்கள் தங்கள் முயற்சியைக் கைவிடவேண்டுமென்று அவள் கேட்கவில்லை. அவனிடம் திரும்பிச் செல்லவும் இல்லை. பகைவன் பகைவனாகவே இருக்கிறான்; அவன் தீமை தடுக்கப்படவேண்டும்; ஆயினும் அவன் ஆன்மாவுக்கு நன்மையே நாடப்படுகிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துக்கு அண்மையில் நிற்பவள் மீனாவே. தன்னைக் கொல்லத் தேடிய சவுலைக் கொல்லாமல் விட்ட தாவீதும், அதன்பின் அவன் அரண்மனைக்குத் திரும்பவில்லை. அரணான இடத்துக்கே ஏறிப்போனான் என்று 1 சாமுவேல் 24 கூறுகிறது.

எனவே இந்நூலைத் தடைசெய்யவேண்டும் என்று நான் கூறமாட்டேன். படிக்கும் இளையோரிடம், அதில் யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என்று கேளுங்கள். யார் இரத்தம் எடுக்கப்படுகிறது, யார் இரத்தம் கொடுக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். அவர்களுடைய வினாக்களுக்குச் செவிகொடுங்கள். சில வேளைகளில் அவை நூலைப் பற்றியவை அல்ல. அம்மாணவிக்கு என் விடை இதுவே: இல்லை, மகளே, இயேசு சொன்னது அதுவன்று. உன் தமக்கை அவருக்காக மன்றாடலாம். அவர் அழிவை விரும்பாதிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதில்லை.