ஆறு செடிகளும் ஆறு நீதிபதிகளும்

வீட்டிலே வளர்ந்தவை ஆறு கஞ்சாச் செடிகள். வளர்த்தவர், தீராத முதுகுவலியால் வாடிய ஒரு பெண்மணி. மருத்துவர் பரிந்துரைத்தார், கலிபோர்னியா மாநிலத்துச் சட்டம் இசைவளித்தது. அவர் விற்கவுமில்லை, எவரிடமும் வாங்கவுமில்லை. 2002 ஆகஸ்டில் மைய அரசின் அதிகாரிகள் வந்தனர். உடன் வந்த வட்டார அதிகாரிகளோ, மாநிலச் சட்டப்படி இது குற்றமன்று என்றனர். மூன்று மணி நேரம் இழுபறி. முடிவில் ஆறு செடிகளும் அழிக்கப்பட்டன.

அழிந்தவை செடிகள் மட்டுந்தானா? 1996-இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து இயற்றிய சட்டமும் அல்லவா வேரோடு சாய்ந்தது! அந்த வழக்கிலே 2005 ஜூன் 6-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையே ஈண்டு ஆராய்கிறோம். மைய அரசின் பக்கம் அறுவர், மறுத்தோர் மூவர்.

மாநிலங்களுக்கிடையே நடைபெறும் வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் மையத்துக்குத் தந்திருக்கிறது. விலைக்குப் போகாத, எல்லை தாண்டாத செடி எவ்வாறு வாணிபமாகும்? தீர்ப்பெழுதிய ஸ்டீவன்ஸ் 1942-ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றைத் துணைக்கு அழைக்கிறார். ஒகையோ உழவர் பில்பர்ன், 11.1 ஏக்கரே இசைவிருக்க 23 ஏக்கரில் கோதுமை விதைத்தார். என் பண்ணைத் தேவைக்கே என்றார். சொந்தத்துக்கு விளைவித்தவன் சந்தையில் வாங்கமாட்டான், பலரும் அப்படிச் செய்தால் நாட்டின் சந்தையே அசையும் என்றது நீதிமன்றம். இந்த அளவுகோல் கொண்டு அளந்தால், முற்றத்து முருங்கையும் கொல்லைக் கீரையுங்கூட வாணிபமாகிவிடாவோ?

வரலாறு என்ன கூறுகிறது? மதுவை நாடெங்கும் விலக்க, 1919-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினர். மாநிலங்களின் ஒப்புதல் கேட்டுப் பெற்றனர். 1933-இல் அதை நீக்கியதும் இன்னொரு திருத்தத்தின் வாயிலாகத்தான். கஞ்சாவுக்கோ 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே போதுமாயிற்று! மதுக்கோப்பைக்குத் தேவைப்பட்ட மாநில ஒப்புதல், மருந்துச் செடிக்குத் தேவையற்றுப் போனது எங்ஙனம்?

போதைக்குப் பல்லக்குத் தூக்க நாம் வரவில்லை. மறுப்புத் தீர்ப்பெழுதிய அம்மையார் ஓகானரும் அதற்காக எழுதவில்லை. தாம் கலிபோர்னியக் குடிமகளாயிருந்தால் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்திருக்கமாட்டேன் என்றே அவர் குறிப்பிட்டார். ஆயினும், புதுவழி தேடிப் பார்க்கும் உரிமை அம்மாநிலத்துக்கு உண்டு என்றார். நமக்குப் பிடித்ததைச் செய்யும்போது மட்டும் மாநில உரிமையை மதிப்பது எளிது. பிடிக்காததைச் செய்யும்போதும் மதிப்பதன்றோ கொள்கை!

அடிமை முறையைக் காத்ததும் மாநில உரிமை முழக்கந்தானே என்று கேட்போர் உண்டு. உண்மை, மறுக்கமாட்டோம். 1957-இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மரைப் பள்ளிக்குள் விட மறுத்தபோதும் அந்த முழக்கமே எழுந்தது. மையப் படை சென்றது, சரியே. மனிதனை மிதிக்கும் காலுக்கு மாநில உரிமை செருப்பாகலாகாது. ஆனால், அங்கே மையம் மாணவரின் உரிமையைக் காத்தது; இங்கே நோயாளியின் மருந்தைப் பறித்தது. இரண்டும் ஒன்றாகுமா?

மக்கள் குரல் ஒரு நாள் காங்கிரசு மன்றத்தில் ஒலிக்கக்கூடும் என்று ஸ்டீவன்ஸ் ஆறுதல் கூறுகிறார். வாக்குச் சாவடியில் ஏற்கனவே ஒலித்த குரல் என்னவாயிற்று?

2012-இல் கொலராடோவும் வாசிங்டன் மாநிலமும் மருந்துக்கு அப்பாலும் கஞ்சாவை அனுமதித்தன. பின்னர் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழி சென்றன. மையம் என்ன செய்தது? 2013-இல் ஒரு குறிப்பாணை வாயிலாகக் கண்டும் காணாதிருந்தது. 2018 ஜனவரியில் அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற்றது. மருத்துவக் கஞ்சாச் சட்டங்களில் குறுக்கிட நீதித்துறை பணம் செலவிடலாகாது என்று 2014-இல் காங்கிரசு விதித்த தடையும் நிலையானதன்று. நிதிச் சட்டந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

ஒரு தாளால் வந்து ஒரு தாளால் போவது சலுகை. உரிமையோ எவர் கண்சாடைக்கும் காத்திராதது. ஆறு செடிகள் அமெரிக்காவுக்குப் புகட்டிய பாடம் அதுவே. கூட்டாட்சி என்ற சொல்லை உச்சரிக்கும் ஒவ்வொருவரும் ஓதி உணர வேண்டிய பாடமும் அதுவே!