‘போட்டோ மாதிரி இருக்கு’: அதோட நிறுத்தலாமா?

ஓவியர் இளையராஜா வரைந்த பெண் உருவப்படத்தைக் காட்டுங்கள். "போட்டோ மாதிரி இருக்கு டீச்சர்!" என்பார்கள் மாணவர்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கேளுங்கள். பக்கவாட்டு ஒளி கன்னத்தையும் சேலை மடிப்பையும் துலக்குகிறது. பின்புலம் இருளில் அடங்குகிறது. நம் கண் முகத்திலேயே நிற்கிறது. கறுத்த தோலை அவர் வெளுக்கவில்லை; பழுப்பின் பல சாயல்களால் ஒளிர வைத்தார். சிவப்பழகு விளம்பரங்களைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தேவையான பாடம்.

குறையும் உண்டு. அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். உழைத்த களைப்பு அவ்வளவாகத் தெரியாது.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரரான அவர், 2021இல் கொரோனாவால் மறைந்தார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் பாட்டி ஒருவரை அதே ஒளியில் வரையச் சொல்லுங்கள், களைப்பையும் சேர்த்து.