கடல் தந்த கல்

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, முல்லைத்தீவுச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் இறங்கிக் குடத்தில் கடல்நீர் எடுப்பார்கள். அது முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குப் போகும். அங்கே ஒரு கிழமை அந்த உப்புநீரில் விளக்கு எரியும். அடுத்த திங்கள் வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் பொங்கல். சனம் அந்தச் சுடரைக் கும்பிடுகிறது. நானும் கும்பிடுகிறேன். கூடவே, ஒரு பெரிய கதையின் கடைசிக் காட்சியாகவும் அதைப் பார்த்து மலைத்துப் போகிறேன்.

கண்ணகி கதை இளங்கோவடிகளோடு நின்றுவிடவில்லை. ஈழத்தில் அதற்கு வேறொரு வளர்ச்சி உண்டு. மட்டக்களப்பில் ‘கண்ணகி வழக்குரை’, யாழ்ப்பாணத்தில் ‘கோவலனார் கதை’, முல்லைத்தீவில் ‘சிலம்பு கூறல்’ என்று ஊருக்கொரு பெயரில் வழங்கும் பாடல் மரபு அது. இளங்கோவின் காப்பியம் புகாரில் ஒரு கல்யாணத்தோடு தொடங்குகிறது. ஈழத்துப் பாடலோ கண்ணகி பிறப்புக்கே போகிறது. பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் வந்த குழந்தை அவள். இவளால் மதுரை அழியும் என்று சோதிடம் சொல்ல, பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். சோழநாட்டு வணிகர் கையில் அந்தப் பெட்டி சேர்கிறது.

அவள் வளர்ந்து, சிலம்பு செய்யும் காலம் வருகிறது. சிலம்புக்குள் இட நாகமணி வேண்டும். அதைக் கொண்டுவர மாலுமி மீகாமன் கப்பலேறி ஈழக்கடலுக்கு வருகிறான். வழியை மறிக்கிறான் வெடியரசன். நெடுந்தீவில் பவளக்கல் அடுக்கிய இடிபாடு ஒன்றை இன்றும் ‘வெடியரசன் கோட்டை’ என்றே சொல்கிறார்கள். மீகாமன் பக்கமிருந்து பார்த்தால் அவன் கடற்கொள்ளைக்காரன். நெடுந்தீவிலிருந்து பார்த்தால், தன் கடலுக்குள் கேட்காமல் நுழைந்த கப்பலை மறித்த தலைவன். புலவன் இரண்டு பக்கத்து வீரத்தையும் குறைக்காமல் பாடுகிறான். வெடியரசன் பிடிபடுகிறான், அண்ணனுக்காகத் தம்பி விளங்குதேவன் படையோடு வருகிறான். வில்லனென்று ஒருவனைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாத கடற்போர் அது. கப்பலும் தீவும் மணியும் என்றால் கண் விரியும் இளவயதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

இந்தக் கடலோட்டம் இடைச்செருகல்தானே என்று சிலர் கேட்பார்கள். எனக்கோ முழுக் கதையின் பாரத்தையும் இதுதான் தாங்குகிறது. இளங்கோவில் கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம், அரசி சிலம்பின் பரல் முத்து. அந்த வித்தியாசமே வழக்கை முடித்துவிடும். அது காப்பியத்தின் கச்சிதம். ஈழத்துப் பாடலைக் கேட்டவருக்கோ அந்தக் கல் எந்தக் கடலிலிருந்து, யார் யார் இரத்தத்தில் வந்தது என்று தெரியும். கண்ணகியின் கணவன் கோவலன் மதுரையில் விற்கக் கொண்டுபோன அந்தச் சிலம்பைப் பொற்கொல்லன் வாங்கித் திருப்பிப் பார்க்கும்போது நெஞ்சு பதைப்பது அதனால்தான். இத்தனை கப்பலும் படையும் தேடிக் கொண்டுவந்ததை ஒருவன் ஒரு பொய்யில் களவுப் பொருளாக்கிவிடுகிறான். அதை நம்பித் தீர்ப்புச் சொல்லும் அரசன், அன்று பெட்டியில் பெண்ணை மிதக்க விட்டவன். வழக்குரைக்கத் தன் முன்னால் நிற்பவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கும் சனத்துக்குத் தெரியும்.

இந்த அரண்மனைச் சூழ்ச்சியைக் கோவலன் கூத்தில் பார்க்க வேண்டும். முல்லைத்தீவுக்கே உரிய இந்த ஆட்டப் பாங்கை ‘முல்லைமோடி’ என்பார்கள். வட்டக்களரி. அண்ணாவியாரின் மத்தளம், தாளம், பிற்பாட்டு. திரைச்சீலையில் எழுதிய மாளிகை எதுவும் வேண்டாம். சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் களரியைச் சுற்றி வந்தால் புகார் பின்னால் போய் மதுரை வந்துவிடும். ஆட்டக்காரர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடும்போது எனக்கு எப்போதும் மெய் சிலிர்க்கும். பொற்கொல்லன் தனியே சொன்ன பொய், பிற்பாட்டில் ஏறியதும் ஊரே பேசும் பொய்யாகக் கேட்கிறது. வதந்தி எப்படி உண்மையாகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பிறகு கண்ணகி வருகிறாள். வேடம் கட்டியவர் பகலில் வயலிலோ கடலிலோ பாடுபடும் ஆணாக இருப்பார். கையில் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிலம்பை அவர் உயர்த்தும்போது அந்தக் கரடுமுரடான விரல்களே கண்ணில் படும். அந்த நீதிக் குரலுக்கு அந்தக் கை பொருந்திப் போகிறது.

மதுரை எரிந்த பிறகும் கதை ஓடுகிறது. சாத்தனாரின் மணிமேகலையும் தொடர்ச்சிதான். கோவலனுக்கு மாதவியிடம் பிறந்த மகளை அது மணிபல்லவத் தீவு வரை கூட்டிப்போகிறது. ஆனால் வற்றாப்பளையின் ஐதீகம் கண்ணகியையே பின்தொடர்கிறது. கோபம் தணியாத அவள் இலங்கைக்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் இது. அதனால் பத்தாம்பளை, அது மருவி வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்கிறாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை விட்டு ஏற்றுங்கள் என்கிறாள்; எரிகிறது. தலை பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கினால் ஆயிரம் கண்கள்.

கடலில் மிதந்து வந்த குழந்தை. கடல் கடந்து வந்த கல். கடைசியில் கடல்நீரில் ஒரு சுடர். நகரத்தை எரித்த தீயை ஒரு பிடி புக்கையும் சிறுவர்களின் இரக்கமும் விளக்காக்கிவிட்டன. இந்த முடிவை ஆக்கியவர்கள் யாரென்று ஏட்டில் இல்லை. அவர்களுக்கு என் தலை தாழ்கிறது.

2009இல் யுத்தம் முடிந்ததும் இதே நந்திக்கடல் ஓரத்தில்தான். யுத்தத்தில் கூத்து உடுப்பும் கொப்பியும் போனாலும் பாட்டு நெஞ்சில் இருந்தால் கூத்து திரும்பும். விடிய விடிய ஆடும் ஒரு கூத்துக்கு வந்து பாருங்கள். பின்னிரவில் பாயில் நித்திரையாகிப்போன பிள்ளைகளை, வழக்குரைக்கும் கட்டம் நெருங்கும்போது தாய்மார் தோளைத் தட்டி எழுப்புவார்கள்.

“எழும்பு பிள்ளை, கண்ணகி வாறா.”