இரவல் குரலும் நடிப்புப் பரிசும்: 'மை ஃபேர் லேடி' குறித்த மறுமதிப்பீடு

1. முன்னுரை

இசைத் திரைப்படமொன்றில் நடித்தவர்க்கு நடிப்புப் பரிசு வழங்கும்போது மதிப்பிடப்படுவது யாருடைய குரல் என்னும் வினா, திரைத்துறைக்கு மட்டும் உரியதன்று. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியதாகும். ஜார்ஜ் க்யூகரின் இயக்கத்தில் 1964இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' இதற்குத் தக்க சான்று. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலிருந்து உருவான இக்கதையின் தலைவர் ஹிக்கின்ஸ் ஓர் ஒலியியல் அறிஞர். இலண்டன் தெருவில் பூ விற்கும் எலைசாவின் உச்சரிப்பை அவர் மாற்றுவதே கதைப்பொருள். படத்தின் ஒலியியல் ஆலோசகராகப் பணியாற்றியவர் பீட்டர் லடிஃபோகட். ஹிக்கின்ஸின் ஆய்வுக்கூடத்தில் கேட்கும் உயிரொலிகள் அவருடைய குரலில் அமைந்தவை.

1965 ஏப்ரல் 5ஆம் நாள் நடைபெற்ற ஆஸ்கார் விழாவில், 12 பரிந்துரைகளைப் பெற்றிருந்த இப்படம் 8 பரிசுகளை வென்றது. ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் சிறந்த நடிகரானார். ஸ்டான்லி ஹாலோவேயும் கிளாடிஸ் கூப்பரும் துணைப் பாத்திரங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டனர். எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் பரிந்துரையளவிலும் இடம் பெறவில்லை. சிறந்த நடிகைக்கான பரிசு, 1956இல் இதே எலைசாவை மேடையில் நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு, 'மேரி பாப்பின்ஸ்' படத்திற்காகக் கிடைத்தது. ஹெப்பர்னின் பாடல்களில் பெரும்பகுதியை மார்னி நிக்சன் பாடியதே இப்புறக்கணிப்புக்குக் காரணம் என்று பரவலாகக் கூறப்பட்டது. ஆண்ட்ரூஸுக்குப் பட வாய்ப்பு மறுக்கப்பட்டதால் எழுந்த பரிவும் காரணமாகச் சுட்டப்படுவதுண்டு. வாக்களித்தோர் உள்ளத்தை அளக்க இயலாது. ஆனால் கூறப்படும் அளவுகோலை ஆராயலாம்.

2. அளவுகோலின் முரண்

பாட்டுக் குரல் இரவலாயின் நடிப்புப் பரிசு இல்லை என்பது அளவுகோலாயின், அது முன்னர்ப் பின்பற்றப்படவில்லை. 1954இல் வெளிவந்த 'கார்மென் ஜோன்ஸ்' படத்தில் டாரதி டாண்ட்ரிட்ஜுக்காகப் பாடியவர் மேரிலின் ஹார்ன். 1956இல் வெளிவந்த 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்காகப் பாடியவர் இதே மார்னி நிக்சன். இரு நடிகையரும் சிறந்த நடிகைக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். 1961இல் வெளிவந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் ரீட்டா மொரீனோவின் பாட்டுக் குரலின் ஒரு பகுதி பிறருடையது. ஆயினும் துணை நடிகைக்கான பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. எனவே ஹெப்பர்னிடம் மட்டும் இரவல் குரல் குறையாயிற்று என்றால், அது விதியின் விளைவு ஆகாது.

3. பேச்சும் பாட்டும்

பரிசு பெற்ற ஹாரிசன் தம் பாடல்களைப் பெரும்பாலும் பாடவில்லை. தாளத்திற்கு இயையப் பேசினார். கழுத்துப் பட்டையில் மறைத்த கம்பியில்லா ஒலிவாங்கி வழியாக அப்பேச்சு படப்பிடிப்பின்போதே பதிவு செய்யப்பட்டது. அவ்வகையில் பரிசு பெற்றது பேச்சு நடிப்பே எனலாம். அவ்வாறாயின் ஹெப்பர்னின் பேச்சும் அதே தட்டில் நிறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எலைசாவின் பேச்சு மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதல் நிலையில் காக்னி வழக்கு: சொல்முதல் ஹகரம் கெடுகிறது, செந்நெறி உச்சரிப்பில் 'எய்' என ஒலிக்கும் கூட்டுயிர் 'ஐ' போல ஒலிக்கிறது. இறுதி நிலையில் உச்சரிப்பும் சொல்லாட்சியும் ஒருசேர உயர்குடி வழக்கை அடைகின்றன. இவற்றினும் அரியது இடைநிலை. ஆஸ்காட் குதிரைப் பந்தயக் காட்சியில் எலைசாவின் ஒலிகள் திருந்திவிட்டன. பேசும் செய்தியும் சொற்களும் தெருவுக்குரியனவாகவே உள்ளன. மொழியின் ஓர் அடுக்கு மாறி மற்றோர் அடுக்கு மாறாது நிற்பதே அங்கு நகைச்சுவையாகிறது. இவ்விரண்டடுக்கையும் ஒரே தொடரில் பிரித்துக் காட்டுவது எளிதன்று. அக்காட்சியில் ஒலிப்பது ஹெப்பர்னின் சொந்தக் குரல்.

குறைகளும் உள. தொடக்கக் காட்சிகளில் காக்னி வழக்கு இயல்பினும் மிகைபட ஒலிக்கிறது. உச்சரிப்புப் பயிற்சி வெற்றி பெற்றுப் பேச்சு பாட்டாக மலர்வதே கதையின் திருப்புமுனை. படம் முழுவதும் அவ்வாறு பாட்டுத் தொடங்கும் இடங்களில் குரலின் உரிமையாளர் மாறுவதால் பாத்திரத்தின் ஒருமை சற்றே தளர்கிறது. எலைசா ஹிக்கின்ஸைப் பழிவாங்குவதாகக் கற்பனை செய்யும் பாட்டில் ஹெப்பர்னின் குரலும் நிக்சனின் குரலும் அடுத்தடுத்து வருவதால் இம்மாற்றம் செவிக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. எனினும் இது தயாரிப்பாளரின் தேர்வு. ஹெப்பர்ன் பயிற்சி பெற்றுப் பாடிய பதிவுகள் ஒதுக்கப்பட்டன.

4. பெயரில்லாக் குரல்

நிக்சனின் பணி மொழிபெயர்ப்பாளர் பணியை ஒத்தது. பிறர் உதட்டசைவுக்கும் மூச்சுக்கும் பாத்திரத்தின் வழக்குக்கும் கட்டுப்பட்டு அவர் பாடினார்; படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. மூலமே பேசுவதாகத் தோன்றச் செய்வது மொழிபெயர்ப்பின் வெற்றி. அவ்வெற்றியே மொழிபெயர்ப்பாளரின் பெயரை மறைப்பதும் உண்டு. இந்தியத் திரைமரபில் இரவல் குரல் மறைக்கப்படும் செய்தியன்று. தேசியத் திரைப்பட விருதுகள் 1960களின் பிற்பகுதியிலேயே பின்னணிப் பாடகர்க்குத் தனிப் பரிசை ஏற்படுத்தின. 1968ஆம் ஆண்டுப் படங்களுள் 'உயர்ந்த மனிதன்' பாடலுக்காக பி. சுசீலா அதனைப் பெற்றார். பாடியவர்க்கும் நடித்தவர்க்கும் தனித்தனி இடம் இருக்குமிடத்து ஒருவரின் திறன் மற்றவர்க்குக் குற்றமாவதில்லை.

5. முடிவுரை

இம்மறுமதிப்பீடு ஆண்ட்ரூஸின் பரிசைக் குறை கூறுவதன்று. ஹெப்பர்ன் பரிந்துரைக்குத் தகுதியுடையவர் என்பதும், நிக்சன் பெயர் சுட்டப்படுவதற்கு உரியவர் என்பதும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்கள். பேச்சைப் பற்றிய ஒரு படத்தில் பாட்டைக் கொண்டு நடிகையை அளந்தது முதற்பிழை. பாட்டை அளந்தபோதும் பாடியவரைச் சுட்டாதது இரண்டாம் பிழை.